திருப்பத்தில் ஒரு லோடு தண்ணீர்

பந்தயப் பாதைக்குத் தண்ணீர் விடுவது என் வேலை. வருடத்தில் பத்து நாள்தான். மற்ற நாள்களில் என் டிராக்டரும் டேங்கரும் வீடு கட்டுகிறவர்களுக்கும், முந்திரிக்கன்று வைத்தவர்களுக்கும், கல்யாண வீடுகளுக்கும் தண்ணீர் சுமக்கின்றன. அதற்காக யாரும் என்னை நினைத்துப் பார்ப்பதில்லை. ஆனி மாதம் கோயில் திருவிழாவில் மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கிற அன்று புழுதி கிளம்பினால் மட்டும் ஊருக்கே என் ஞாபகம் வந்துவிடும். கிளம்பாத வருடங்களில், "இந்தத் தடவ காத்து கம்மிப்பா" என்று பெருமையைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இருபது வருடமாக இதே கதைதான். எனக்கும் அலுத்துவிட்டது.

எங்கள் ஊர் கந்தர்வக்கோட்டைப் பக்கம். மற்ற ஊர்களில் பந்தயத்தைத் தார் ரோட்டில் ஓட்டுகிறார்கள். எங்கள் ஊர்த் தார் ரோட்டில் பஸ் ஓயாமல் போவதால் அங்கே ஓட்ட அனுமதி கிடைப்பதில்லை. அதனால் கோயில் பொட்டலில் கிளம்பி, கண்மாய்க்கரையை ஒட்டி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே மூன்று மைல் போகிற மண்பாதைதான் எங்களுக்கு. மூன்றாவது மைல் முடிகிற இடத்தில் ஒரு கொடிக்கம்பம் நடுவோம். வண்டிகள் அந்தக் கம்பத்தைச் சுற்றித் திரும்பி, வந்த வழியே பொட்டலுக்கு ஓட வேண்டும். கம்பத்துக்கு நேர் எதிரே ஒரே ஒரு வீடு இருக்கிறது. அது என் அக்கா வீடு.

அக்கா இருபத்தைந்து வருடம் முந்திரிக்கொட்டை வறுத்தவள். வறுக்கும்போது ஓட்டிலிருந்து எண்ணெய் பொங்கி எரியும். அந்தக் கரும்புகையைத்தான் அவள் அத்தனை வருடமும் மூச்சாக இழுத்தாள். இப்போது நெஞ்சு போய்விட்டது. நாலு எட்டு வேகமாக நடந்தால் இளைக்கும். இடுப்புச் சுருக்குப்பையில் வெற்றிலை இருந்த இடத்தில், வாயில் வைத்து இழுக்கிற மருந்து இருக்கிறது. டாக்டர் அவளுக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: புகையும் தூசியும் கூடாது. பந்தயப் பாதையில் வாசல் வைத்திருக்கிறவளிடம் இதைச் சொன்னால் என்ன செய்வாள்?

அவள் வீட்டுக்காரர், என் அத்தான், சின்ன மாட்டுப் பிரிவில் ஒரு ஜோடி வைத்துப் பந்தயம் ஓட்டியவர். அவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. மாடுகளும் கைமாறிவிட்டன. அக்காவின் பந்தயப் பைத்தியம் மட்டும் அப்படியே இருந்தது. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கொடிக்கம்பத்தில் திரும்புகிற மாடுகளின் காலில் பெண்கள் மஞ்சள் தண்ணீரை வீசி ஊற்றுவார்கள். தங்கள் வீட்டு மாடு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. ஊரிலிருந்து பத்துப் பதினைந்து பெண்கள் குடத்தோடு அங்கே நடந்து வருவார்கள். அக்காவுக்கு நடக்கத் தேவையில்லை. சொந்த வாசலிலேயே நிற்பாள். இப்போது அவள் வீட்டில் ஒரு கன்றுக்குட்டிகூடக் கிடையாது. யார் மாட்டுக்காக ஊற்றுகிறாய் என்று ஒரு தடவை கேட்டேன். "ஓடுற மாட்டுக்குத்தான்" என்றாள்.

முந்தின வருடத்துக்கு முந்தின வருடம் ஆனிக்காற்று பேயாக அடித்தது. அன்று கிளம்பிய புழுதியில் அக்கா வாசலிலேயே சரிந்துவிட்டாள். புதுக்கோட்டைக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோய் மூன்று நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். நான் பாதைக்குத் தண்ணீர் விட்டவன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த மூன்று நாளும் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஆனி வந்ததும் திருச்சியிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, அம்மாவ ரெண்டு நாளைக்கு இங்க கொண்டாந்து விட்ருங்க. இன்னொரு தடவ தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றாள். நான் போய்ச் சொன்னேன். அக்கா சொளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"என் வாசல்ல மாடு திரும்பையில நான் திருச்சியில போயி டிவி பாக்கவா? போடா."

"போன வருசம் பட்டது பத்தாதாக்கா?"

"பட்டது தூசியால. தூசிய அடக்குறவன் நீ. அத விட்டுட்டு என்னய ஏன்டா வெரட்டுற?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சரி. ஒரு பொட்டுத் தூசி ஒன் வாசலுக்கு வராது. போதுமா?" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. ஆனால் சொல்லியாயிற்று.

தூசியை அடக்குவது என்றால் தண்ணீரைக் கொட்டுவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். காய்ந்து கிடக்கிற செம்புழுதியில் தண்ணீரை விட்டால் அது உள்ளே இறங்காது. முத்து முத்தாக உருண்டு தாழ்ந்த பக்கம் ஓடிவிடும். மேலே ஒரு விரல்கடை சேறு, அடியில் அதே பழைய மாவு. முதல் வண்டி போனதும் சேறு பெயர்ந்து மாவு மேலே வந்துவிடும். அதனால் பத்து நாள் முன்னாலேயே தொடங்க வேண்டும். கலப்பையை மேலாக ஓட்டி மண்ணைக் கிளறிவிட்டு, கல்லைப் பொறுக்கி, வறண்ட கண்மாயிலிருந்து வண்டல் அள்ளி வந்து கலக்க வேண்டும். செம்மண் குடித்த தண்ணீரை உடனே விட்டுவிடும். வண்டல்தான் பிடித்துவைத்துக்கொள்ளும். பிறகு தினமும் வெயில் தாழ்ந்ததும், டேங்கரின் பின்னால் ஓட்டை போட்டு மாட்டிய குழாயைத் திறந்துவிட்டு, ஆள் நடக்கிற வேகத்தில் டிராக்டரை ஓட்ட வேண்டும். நாலைந்து நாள் இப்படிக் குடிக்கவிட்டால் ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம் இறங்கும். கடைசியில் பனங்கட்டையைச் சங்கிலியில் கட்டி இழுத்து மட்டம் செய்ய வேண்டும். இதற்குள் என் இடுப்பு இரண்டாகப் பிளந்துவிடும்.

பதம் பார்க்க மீட்டர் எதுவும் கிடையாது. புட்டுக்கு மாவு பிசறுவதுபோலத்தான். மண்ணை அள்ளிப் பிடித்தால் பிடி நிற்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் உதிர வேண்டும். பிடி நிற்காவிட்டால் தூசி பறக்கும். உதிராவிட்டால் மாடு வழுக்கும்.

குறுக்குவழி தேடாமல் இல்லை. ஒரு வருடம், வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய பந்தயக் கமிட்டிக்காரர் ஒருவர், அங்கே மண்ரோட்டுக்கு உப்புத் தண்ணீர் தெளிப்பார்கள், உப்பு ஈரத்தை விடாது என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கல்லுப்பை மூட்டை மூட்டையாகக் கரைத்து விட்டோம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் ஊர் ஆடு முழுக்கப் பாதையில் நிற்கிறது. மேய்ச்சலுக்கு ஓட்டினால் ஓர் அடி நகரவில்லை. நக்கி நக்கி, காலால் பறித்துப் பறித்து, மூன்று மைலும் குழி. பந்தயத்தன்று மாடுகளே ஓட்டத்தின் நடுவில் தலையைக் குனிந்து மோந்து பார்த்தன. சாரதிகள் திட்டிய திட்டு கண்மாய்க்கு அக்கரையில் கேட்டிருக்கும். உப்பு யோசனை சொன்னவர் அன்று காலையிலேயே அறந்தாங்கியில் ஒரு கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியிருந்தார். அதோடு நான் குறுக்குவழி தேடுவதை விட்டேன்.

அக்காவுக்கு வாக்குக் கொடுத்த வருடம் என்னளவில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் விராலிமலைப் பக்கத்திலிருந்து ஒரு மாட்டுக்காரர் பாதை பார்க்க வந்தார். நல்ல மாடு வைத்திருக்கிறவர்கள் அப்படித்தான், தாங்களே வந்து மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பூட்டுவார்கள். மூன்று மைலும் என் டிராக்டரில் வந்தார். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் இறங்கி, ஒரு பிடி மண்ணை அள்ளி அழுத்தினார். உதிர்ந்தது. ஆனால் கொஞ்சம் யோசித்து உதிர்ந்தது.

"நேர்பாதை நல்லாருக்குங்க. திருப்பத்துல மட்டும் இதுக்கு மேல ஒரு சொட்டு விட்றாதீங்க. மாடு முழுப் பாரத்தையும் கால்ல ஊனித் திரும்புற எடம்" என்றார்.

"இருவது வருசமா விடுறேங்க. எனக்குத் தெரியாதுங்களா?" என்றேன்.

தெரியும். தெரிந்துதான் செய்தேன். அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

மறுநாள் விடிந்ததும் மேல்காற்று ஆரம்பித்துவிட்டது. திருப்பத்து மண்ணின் மேல்தோல் வெளுத்திருந்தது. அடியில் ஈரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், தோண்டியும் பார்த்தேன். ஆனால் நிமிர்ந்தபோது அக்கா வீடு கண்ணில் பட்டது. வாசல் பெருக்கிக் கோலம் போட்டிருந்தாள். மஞ்சள் கரைத்த குடம் தயாராக இருந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டு, அதன் முதுகில் முகத்தில் கட்டிக்கொள்ள ஒரு ஈரத்துண்டு தொங்கியது. அந்தத் துண்டைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. தோப்பு போர்வெல்லுக்குப் போய் இன்னொரு லோடு பிடித்து வந்து, முழுவதையும் கொடிக்கம்பத்தைச் சுற்றியே விட்டேன். கமிட்டிக்காரர்கள் பொட்டலில் பூஜையில் இருந்தார்கள். அக்கா மட்டும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் பெரிய மாடுகள் பிரிவு. எல்லா ஜோடிகளும் அகலமாக வளைந்து தப்பித்தன. பெண்கள் செம்பு செம்பாக மஞ்சள் தண்ணீரை வீசினார்கள். ஏற்கெனவே நான் ஊற்றியிருந்ததன் மேல் அதுவும் சேர்ந்தது. வண்டிகளால் தூசியே இல்லை. மனதுக்குள் ஒரு நிமிடம் நிமிர்ந்துகொண்டேன். அந்த நிமிடத்திலேயே பின்னால் பைக்குகள் வந்துவிட்டன.

பந்தய வண்டிகளுக்குப் பின்னால் பைக்கில் விரட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்காதவர்களுக்கு அது புரியாது. ஒரு ஜோடி மாட்டுக்கு முப்பது பைக், நாலு மினி லாரி. கூச்சல் போட்டு மாட்டை முடுக்கிக்கொண்டே வருவார்கள். பாதை ஈரமாக இருந்ததால் அவர்கள் எல்லோரும் இரண்டு ஓரத்திலும் ஏறிவிட்டார்கள். ஓரத்துக்கு நான் ஒரு சொட்டுக்கூட விட்டதில்லை. மாடு ஓடுகிற இடத்துக்கு மட்டும்தானே தண்ணீர் விடுவது வழக்கம். அந்த ஓரத்துப் புழுதி முழுக்கச் சுருண்டு எழுந்து அக்கா வீட்டு வாசலில் இறங்கியது. இருபது வருடம் இதே வேலை பார்த்தவனுக்கு, தூசி மாட்டுக் காலிலிருந்து வரவில்லை, பைக் சக்கரத்திலிருந்துதான் வருகிறது என்பது அன்றுதான் மண்டையில் ஏறியது. அக்கா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு மருந்தை இழுத்தாள். உள்ளே போகச் சொன்னேன். கையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

அடுத்தது சின்ன மாடுகள். முதலில் வந்தது விராலிமலைக்காரர் ஜோடி. கம்பத்தை ஒட்டி இறுக்கித் திரும்பினார்கள். வலத்து மாடு முன்காலை ஊன்றியதும் கால் அப்படியே முன்னால் போய்விட்டது. முழங்கால் தரையில் அடித்த சத்தம் எனக்குக் கேட்டது. நுகம் முறுகி, வண்டி சரிந்து, சாரதி குதித்தார். பின்னால் வந்த ஜோடிகளைக் கையைக் காட்டி விலக்கிவிட்டோம். அவிழ்த்துவிட்டபின் மாடு தானாகவே எழுந்துகொண்டது. கால் முறியவில்லை. ஆனால் முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் வழிந்தது, உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது. பைக்கில் வந்து இறங்கிய மாட்டுக்காரர் குனிந்து, அது விழுந்த இடத்து மண்ணை ஒரு பிடி எடுத்து அழுத்தினார். உதிரவில்லை. அதைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை.

இன்னும் ஒரு பந்தயம் பாக்கி இருந்தது. புதிதாகப் பழக்கிய இளம் மாடுகள் ஓடுவது. அவை வர அரைமணி நேரம்கூட இல்லை. மணல் கொட்டலாம் என்றார் ஒரு கமிட்டிக்காரர். மணலுக்கு எங்கே போவது என்றார் இன்னொருவர். பந்தயத்தை நிறுத்தலாம் என்றால் மாட்டுக்காரர்கள் சம்மதிக்க மாட்டார்கள். ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் டிராக்டரில் சாய்ந்துகொண்டு நின்றேன். தண்ணீரை விடத்தான் எனக்குத் தெரியும். விட்ட தண்ணீரைத் திரும்ப எடுக்கத் தெரியாது.

அப்போது அக்கா, வீட்டுக்குப் பின்னாலிருந்து சொளகு நிறைய எதையோ சுமந்துகொண்டு வந்தாள். பழைய மாட்டுக்கொட்டகைச் சுவர் இடிந்து கிடந்த காய்ந்த மண்ணும் அடுப்புச் சாம்பலும். கம்பத்துக்குப் பக்கத்தில் வந்து, நெல்லைத் தூற்றுவதுபோல அந்தப் புழுதியைச் சேற்றின்மேல் வீசினாள். காற்று பாதியை அவள் முகத்திலேயே திருப்பி அடித்தது.

"அக்கா, விடு! உள்ள போ!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

"கத்தாம போயி அள்ளிட்டு வாடா. புள்ள மாடு வருது" என்றாள். அதைச் சொல்லவே இரண்டு தடவை மூச்சு வாங்கினாள்.

சொளகைப் பிடுங்கிக்கொண்டு நான் அள்ளினேன். நின்றுகொண்டிருந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டு வந்தார்கள். அக்கா நிற்கவில்லை. வெறும் கையால் அள்ளி அள்ளித் தூவினாள். கம்பத்தைச் சுற்றிப் பதம் வந்தபோது அவள் நெஞ்சிலிருந்து வந்த விசில் சத்தம் எனக்கு எட்டி நின்றே கேட்டது. நாற்காலியில் உட்கார வைத்தோம். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டோம். அது வரும்வரை, இளம் மாடுகள் ஒன்றொன்றாகத் திரும்புவதை அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்றுகூட வழுக்கவில்லை.

இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் ஏழு நாள். ஐந்தாம் நாள் முகமூடியை எடுத்தபோது அவள் முதலில் கேட்டது மாட்டைப் பற்றித்தான். புண் ஆறுகிறதாம், நொண்டவில்லையாம் என்றேன். தலையணையில் தலையை என் பக்கம் திருப்பினாள்.

"அந்தக் கடசி லோடு எனக்காகத்தான விட்ட?"

"ஆமாக்கா."

"மாட்டுக்கு விடுற தண்ணிய மனுசிக்கு விடலாமாடா?"

திட்டவில்லை. அலுப்போடுதான் கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதேன். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இந்த வருடம் ஆனி வந்தது. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, எனக்கு அந்தத் தைரியம் இல்லை. பந்தயத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அவளே ஒரு பையோடு பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள். டிராக்டரை ஓரம் கட்டினேன்.

"எங்கக்கா?"

"திருச்சிக்குப் போறேன். பந்தயம் முடிஞ்சு வாரேன்."

"என்ன திடீர்னு?"

"நான் வாசல்ல நின்னா ஒன் கை நிக்காது" என்றாள். பிறகு, "வீட்டுப் படியில மஞ்சள் அரைச்சு வச்சிருக்கேன். ஒரு செம்பு போதும். கால்ல வீசாத, ஓரமா ஊத்து" என்றாள். டாக்டர் சொல்லி, மகள் அழுது, நான் கெஞ்சி அசையாதவள் அந்த ஒரு காரணத்துக்காகப் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

இந்தத் தடவை பத்து நாள் பன்னிரண்டு நாளாயிற்று. பாதையோடு இரண்டு ஓரத்துக்கும் சேர்த்துத் தண்ணீர் விட்டேன். டீசலும் இடுப்பும் போனதுதான் மிச்சம் என்று கமிட்டியில் சிரித்தார்கள். பைக்குக்காரர்களைத் தடுக்கக் கயிறு கட்டினார்கள், அதை யாரும் மதிக்கவில்லை. ஆனால் ஓரமும் ஈரமாக இருந்ததால் சக்கரத்தில் மண் ஒட்டியதே தவிர மேலே எழவில்லை. காற்று போன வருடத்தைவிடப் பலமாக அடித்தது. அப்படியும் தூசி இல்லை. திருப்பத்தில் மண் பிடித்தால் நின்றது, அழுத்தினால் உதிர்ந்தது. விராலிமலைக்காரர் ஜோடி மூன்றாவதாகத் திரும்பியது. வலத்து மாட்டின் முழங்காலில் முடி முளைக்காத ஒரு தழும்பு தெரிந்தது. அது காலை ஊன்றியபோது நான் மூச்சை நிறுத்தியிருந்தேன். சுத்தமாகத் திரும்பிப் போனது. படியிலிருந்த மஞ்சளை ஒரு செம்பில் கரைத்து ஓரமாக ஊற்றினேன்.

பாக்கெட்டில் போன் அடித்தது. அக்கா.

"திரும்பிருச்சா?"

"எல்லாம் திரும்பிருச்சுக்கா."

"ஒண்ணும் விழலையே?"

"விழல."

பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"தூசி எப்படிடா?"

பலத்த காற்றிலும் தூசி இல்லை என்ற நல்ல பதில் இருபது வருடத்தில் முதல்தடவையாக என்னிடம் இருந்தது. யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருந்த கேள்வியும் அதுதான். ஆனால் இல்லை என்று சொன்னால், அங்கே உட்கார்ந்திருக்கிற அவளுக்கு எப்படி இருக்கும்? அதோடு அடுத்த வருடம் வந்து வாசலில் நிற்பாள். நின்றால் என் கை நிற்காது.

"அத ஏன்க்கா கேக்குற. கண்ணத் தொறக்க முடியல. நல்லவேள நீ வரல" என்றேன்.

"பாத்தியா, நான் இங்க வந்தது நல்லதாப் போச்சு" என்றாள். மூச்சு வாங்காமல் சொன்னாள்.

போனை வைத்துவிட்டுப் பூட்டிய வீட்டுப் படியில் உட்கார்ந்தேன். அங்கிருந்து கண்மாய்க்கரை வரைக்கும் பாதை பளிச்சென்று தெரிந்தது.